நாள் முழுக்கப் போடும் பி.டி. உடை பருத்தியில் இருக்கட்டும்: தனியார் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

இந்த ஜூனிலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அதே அறிவிப்பு வந்துவிட்டது. பி.டி. நாளில் எல்.கே.ஜி. முதல் எல்லாரும் ஹவுஸ் கலர் டி-ஷர்ட், முழு டிராக் பேன்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ அணிந்து வர வேண்டும். மாற்றிப் போட்டு வந்தால் வகுப்புக்குள் அனுமதி இல்லை. வாரத்தில் இரண்டு நாள் இப்படி. காலை எட்டு மணிக்கு வேன் ஏறியதில் இருந்து மாலை நாலரைக்கு இறங்கும் வரை குழந்தை அதே உடையில்தான் இருக்கிறது. விளையாட்டு வகுப்பு 40 நிமிடம்.

நாங்கள் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் பெற்றோர். நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங் என்று ஆளுக்கொரு வேலை. உங்கள் பள்ளிச் சின்னம் போட்ட துணி எங்கள் கை வழியாகத்தான் போகிறது. அதனால் அந்தத் துணி என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெரிந்தே எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். தொடக்க வகுப்புக் குழந்தைகள் நாள் முழுக்கப் போட்டிருக்கும் பி.டி. உடை பருத்தியில் இருக்க வேண்டும். கீழே, இடுப்பில் நாடா இல்லாத, முழங்கால் அளவு டிரவுசர் இருக்க வேண்டும்.

பள்ளியிலேயே உடை மாற்ற வையுங்கள் என்று கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் 35 பிள்ளைகளுக்கும் ஒரு மிஸ் பட்டன் கழற்றி, டி-ஷர்ட் மாட்டி, மறுபடி ஷூ போட்டுவிட்டால் 40 நிமிடமும் அதிலேயே போய்விடும். வீட்டிலிருந்தே பி.டி. உடையில் வருவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அப்படியானால் அது எட்டரை மணி நேரம் போடும் உடை. விளையாட்டு உடை என்று நினைத்து ஆர்டர் கொடுப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

இப்போது பெரும்பாலான பள்ளிகளில் டி-ஷர்ட் முழு பாலியஸ்டர், டாட் நிட் எனும் புள்ளி புள்ளியாகப் பின்னிய வகை. பேன்ட், சூப்பர் பாலி என்று கடையில் சொல்கிற, உள்பக்கம் பிரஷ் செய்த கனத்த துணி. நல்ல பருத்தித் துணி தன் எடையில் 8.5 சதவீத அளவுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம். வியர்வையைத் துணி உறிஞ்சவில்லை என்றால் அது தோலிலேயே நிற்கும், இல்லை வழியும். கழுத்துப்பட்டை, அக்குள், இடுப்பு எலாஸ்டிக்கின் அடி, முழங்காலின் பின்மடிப்பு ஆகிய இடங்களில் வேர்க்குரு கிளம்புவது இதனால்தான். வியர்வை நாற்றமும் பருத்தியைவிட பாலியஸ்டரில் அதிகம் தங்கும். ஒரு அலசலில் போகாது.

விளையாட்டு வீரர்கள் பாலியஸ்டர்தானே போடுகிறார்கள் என்று சில பள்ளிகளில் பதில் வந்தது. அவர்கள் போடுவது மிக நுண்ணிய இழையில் பின்னி, ஈரத்தை வெளிப்பக்கம் கடத்தும் ஃபினிஷ் கொடுத்த துணி. காற்று வீசும் மைதானத்தில் ஓடுகிறார்கள், ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். பள்ளி உடைக்கு வரும் துணியில் அந்த ஃபினிஷ் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் சில துவைப்புகளில் போய்விடும்; வீட்டில் கம்ஃபர்ட் ஊற்றி அலசினால் இன்னும் சீக்கிரம் போகும். மார்ச் மாத வெயிலில், இரண்டு மின்விசிறி சுற்றும் அறையில், பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த வாதம் எப்படிப் பொருந்தும்?

பாலியஸ்டர் ஏன் வந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். நூல் விலை குறைவு. அதைவிட முக்கியம், சூட்டால் சாயத்தைத் துணிக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் பிரிண்ட் பாலியஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் பிடிக்காது. முதுகில் பள்ளியின் பெயர், தோளில் இருந்து இடுப்பு வரை இரண்டு நிற அலை, கையில் ஹவுஸ் சின்னம் என்று டிசைன் கேட்டால் சப்ளையர் பாலியஸ்டரைத்தான் காட்டுவார். ஆண்டு விழாப் புகைப்படத்தில் அது பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சுக்காகக் குழந்தையின் தோல் நாளெல்லாம் வேகிறது.

இத்தனையையும்கூடச் சிலர் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பொறுக்கவே முடியாதது கழிப்பறை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உடையைத் தேர்வு செய்த கூட்டத்தில் இது பேசப்பட்டிருக்காது.

வளரும் பிள்ளை என்பதால் டிராக் பேன்ட்டை எல்லா வீட்டிலும் இரண்டு சைஸ் பெரிதாகத்தான் வாங்குகிறார்கள். 21 அங்குல இடுப்புக்கு 24 அங்குல பேன்ட். நழுவாமல் இருக்க நாடாவை இழுத்துக் கட்ட வேண்டும். நாடா வழவழப்பான நைலான் என்பதால் ஒரு முடிச்சு நிற்காது, அம்மா இரண்டு முடிச்சு போடுகிறார். விளையாட்டில் வியர்வை பட்டு, இழுபட்டு, அது இன்னும் இறுகிவிடும். இனி அந்தக் குழந்தை தனியாகக் கழிப்பறைக்குப் போகிறது. மங்கிய வெளிச்சத்தில் நகத்தால் முடிச்சைப் பிராண்டுகிறது. அவிழவில்லை என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாலையில் பையில் பிளாஸ்டிக் கவர் கட்டி வரும் ஈரத் துணியைப் பார்த்த எல்லா வீடுகளுக்கும் தெரியும்.

அவிழ்ந்தாலும் பாடு தீரவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் தரையோடு இருக்கும் இந்தியன் டாய்லெட். தரை எப்போதும் ஈரம். கணுக்காலில் ரிப் (இழுபடும் இறுக்கமான பட்டை) வைத்துத் தைத்த பேன்ட்டை மேலே சுருட்ட வராது, ஷூவோடு முழுக்கக் கழற்றவும் வராது. முழங்காலில் திரண்டு நிற்கும் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மக்கில் தண்ணீர் எடுத்து, வழுக்காமல் குந்தி உட்கார வேண்டும். பெரியவர்களுக்கே கஷ்டமான வேலை இது. கை தளர்ந்ததும் பேன்ட்டின் கீழ் ஓரம் தண்ணீரில் தோய்கிறது. உள்பக்கம் பிரஷ் செய்த துணி அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு, அந்த வாடையோடு, குழந்தை மாலை வரை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்கிறது.

பிறகு குழந்தை தானே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. பி.டி. நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்புகிறது. விளையாடி வியர்த்த நாளில்தான் தண்ணீர் அதிகம் தேவை. அந்த நாளில்தான் அது தண்ணீரைத் தொடுவதில்லை. அடக்கி அடக்கிப் பழகினால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும். பெண் குழந்தைகளுக்கு இன்னும் எளிதாக வரும். குழந்தைகள் நல மருத்துவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். சில பள்ளிகளில் தண்ணீர் குடிக்கத் தனியாக மணி அடிக்கிறீர்கள், நல்ல ஏற்பாடு. குடித்த தண்ணீரை வெளியேற்ற முடியாத உடையை மாட்டிவிட்டு மணி அடித்து என்ன பயன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தை உடைகளுக்கு இ.என். 14682 என்றொரு தரவிதி உண்டு. 7 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் நாடாவே கூடாது. இடுப்பு நாடாவுக்கும் வெளியே தொங்கும் நீளத்துக்கு வரம்பு உண்டு. டேப் வைத்து அளந்து, கூடினால் பீஸைத் தள்ளிவிடுகிறோம். அங்கே இருக்கும் குழந்தைக்காக இவ்வளவு பார்க்கும் ஊரில், இங்கே இருக்கும் குழந்தையின் இடுப்பில் ஒரு முழ நைலான் நாடா தொங்குகிறது. அதைப் பார்க்க எங்களுக்குக் கோபம் வருகிறது.

வெள்ளை கேன்வாஸ் ஷூ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை நனைந்தால் காய இரண்டு நாள் வேண்டும். காயாததை வெள்ளை பாலீஷ் போட்டு மறைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. ஈர ஷூவுக்குள் நைலான் சாக்ஸோடு நாள் முழுக்க இருந்தால் விரலிடுக்கில் புண் வருகிறது. அடிப்பாகம் தட்டையாக, மெல்லிசாக இருப்பதால் சிமென்ட் தரையில் ஓடவும் அது உதவாது. தினமும் போடும் வெல்க்ரோ வைத்த கறுப்பு ஷூவே போதும்.

இவ்வளவு பாடுபட்டு உடுத்தி அனுப்பும் நாளில் விளையாட்டாவது நடக்கிறதா? தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்கிறார். மழை வந்தால் வகுப்பிலேயே கையைக் கட்டி உட்கார வைக்கிறார்கள். பல இடங்களில் மைதானத்தில் பாதி வேன்கள் நிற்கின்றன. கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறையும் வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தையை உடலளவிலோ மனதளவிலோ வருத்தும் தண்டனை கூடாது என்கிறது. பேன்ட் காயவில்லை என்று சாதா யூனிஃபார்மில் வந்த குழந்தையை வராந்தாவில் நிற்க வைப்பதை அந்தப் பிரிவோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். அதே சட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளில் இரண்டாவது செட் பி.டி. உடைக்குப் பணம் இருக்காது. இருக்கும் ஒன்றைத்தான் துவைத்துக் காய வைத்து அனுப்புகிறார்கள். குறிப்பிட்ட ஒரே கடையில்தான் யூனிஃபார்ம் கிடைக்கும் என்கிற நிலை எப்படி வந்தது என்பதையும் கேட்கத் தோன்றுகிறது.

அது பெரிய பேச்சு, தனியாகப் பேச வேண்டியது. இந்த மடலில் கேட்பது உடை மட்டும். பருத்தி டி-ஷர்ட், நாடா இல்லாத பருத்தி டிரவுசர்.

பருத்தி என்றால் சப்ளையர் மூன்று குறை சொல்வார்: சுருங்கும், சாயம் போகும், கழுத்து தொய்யும். மூன்றுக்கும் வழி இருக்கிறது. டி-ஷர்ட்டுக்கு 160 முதல் 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா டி-ஷர்ட் பின்னல் துணி, போதும். காலர் வேண்டுமென்றால் 200 ஜி.எஸ்.எம். பீக்கே, காலர் டி-ஷர்ட்டுக்குப் போடும் சற்றுக் கனமான பின்னல். துணியைக் காம்பாக்டிங் செய்து (பின்னால் சுருங்காதபடி முன்பே நெருக்கி அழுத்தி), சுருக்கம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். சாயம் போவது பெரும்பாலும் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்குப் பிறகு செய்ய வேண்டிய சோப்பிங்கை, அதாவது ஒட்டாத சாயத்தைச் சோப்பு நீரில் அலசி எடுப்பதை, குறைப்பதால்தான். துவைப்பில் சாயம் நிற்கும் அளவு 5க்கு 4 வேண்டும் என்று கேளுங்கள். கழுத்து ரிப்பில் லைக்ரா (இழுபட்டு மீளும் இழை) சேர்த்தால் தொய்யாது. பள்ளிச் சின்னத்தை நெஞ்சில் சிறிய எம்பிராய்டரி பேட்ஜாகத் தைத்துக்கொள்ளலாம்; உடை சிறுத்துப் போனால் பேட்ஜைப் பிரித்து அடுத்ததில் தைக்கலாம்.

டிரவுசருக்கு ஒன்றேகால் அங்குல அகல எலாஸ்டிக், இடுப்பளவைவிட இரண்டு அங்குலம் குறைத்து வெட்டியது. நாடா வேண்டாம், ஜிப் வேண்டாம். எலாஸ்டிக்கை வார்க்குள் ஓட்டி, ஒரு ஓரம் பிரிக்கும்படி விட்டால் பிள்ளை வளரும்போது வீட்டிலேயே தளர்த்திக்கொள்ளலாம். இரண்டு சைஸ் பெரிதாக வாங்கத் தேவையில்லை. பெண் குழந்தைக்கு முழு நீளம்தான் வேண்டும் என்று விரும்பும் வீடுகளுக்கு அதே பருத்தியில் பேன்ட் தைக்கலாம். ஆனால் கணுக்காலில் ரிப் வைக்காமல், சுருட்ட வரும்படி நேராக விட வேண்டும்.

விலை கூடும், உண்மைதான். ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு கிலோ துணியில் ஏழு டி-ஷர்ட் அளவுக்கு எடுக்கலாம். கிலோ விலையில் உள்ள வித்தியாசத்தை ஏழால் வகுத்துப் பாருங்கள். அதைக் கொடுக்கப் பெற்றோர் தயங்க மாட்டார்கள்.

சாம்பிள் வந்ததும் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவி, சாமணத்தால் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். மிக்ஸ் என்றால் இரண்டும் தெரியும். பிறகு அளந்து, மூன்று முறை துவைத்துக் காய வைத்து, மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு உடை வாங்கி முடிந்துவிட்டது. அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மீதி மாதங்களுக்குச் செலவில்லாத மூன்று அனுமதி போதும். ஹவுஸ் நிறத்தில் சின்னம் இல்லாத சாதா பருத்தி டி-ஷர்ட் போட்டு வரலாம். பேன்ட்டின் நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் மாற்றிக்கொள்ளலாம், அல்லது டிரவுசர் போடலாம். கறுப்பு ஷூவில் வரலாம். உடைக்காக எந்தக் குழந்தையையும் வெளியே நிறுத்தக் கூடாது என்பதையும் அதே சுற்றறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு நாள் கணக்கு முக்கியம். நூல் வாங்கி, பின்னி, சாயமேற்றி, காம்பாக்டிங் முடித்து, வெட்டித் தைத்து, செக்கிங் முடிய இரண்டு மாதம் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் எல்லாப் பள்ளி ஆர்டரும் ஒன்றாகக் குவியும்போது அவசரத்தில் கையில் கிடைத்த துணிதான் வரும். ஜனவரிக்குள் நீங்கள் முடிவு செய்தால், ஜூனில் பருத்தி உடை பிள்ளைகள் கையில் இருக்கும். துணி தேர்வுக் கூட்டத்தில் தொடக்க வகுப்பு ஆசிரியை ஒருவரையும், பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் ஆயா ஒருவரையும் உட்கார வையுங்கள். சாம்பிளைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம், கட்டணம் வேண்டாம்.

கனிவோடு பரிசீலித்து, எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.

அன்புடன்,
திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் பெற்றோர் சிலர்