நாலு போல்ட் வேலையா இது?

ஆசிரியருக்கு,

பழைய பிக்கப் வண்டியின் பெஞ்சு சீட்டை (ஒரே நீளமான இருக்கை) எடுத்துவிட்டு பக்கெட் சீட் (ஒருவருக்கான தனி இருக்கை) போடுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். துணி, தையல், நிறம் எல்லாம் விரிவாக வந்தது. பொருத்துவதை மட்டும் 'நாலு போல்ட் வேலை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த நாலு போல்ட்டும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெஞ்சு சீட்டின் போல்ட் இறங்கும் இடத்தில், தரைக்கு அடியில் கூடுதல் தகடோ குறுக்குச் சட்டமோ வைத்துத்தான் வண்டியைக் கட்டியிருப்பார்கள். பக்கெட் சீட்டின் ரயில், அதாவது சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம், அந்தத் துளைகளுக்கு நேரே வருவது அபூர்வம். உடனே வெறும் தரையில் டிரில் வைத்துவிடுகிறார்கள். அது ஏறக்குறைய 1 மி.மீ. கனமுள்ள தகடு, பழைய வண்டியென்றால் கம்பளத்துக்கு அடியில் துருவும் தின்றிருக்கும். சின்ன வாஷர் போட்டு முறுக்கினால் கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். முன்பக்கம் மோதும்போது சீட் முன்னால் கவிழப் பார்க்கும், பின்கால்கள் மேலே இழுக்கும். அப்போது வாஷரும் போல்ட்டும் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

அமெரிக்கப் பாதுகாப்பு விதி 207-ன்படி, சீட் தன் எடையைப்போல 20 மடங்கு இழுவையைத் தாங்க வேண்டும். 15 கிலோ சீட்டுக்கு 300 கிலோ. பெல்ட் பக்கிளும் சீட்டிலேயே இருந்தால் ஆளின் இழுவையும் அதோடு சேரும். பந்தயக் கார்களுக்கு எஃப்ஐஏ (சர்வதேச வாகனக் கூட்டமைப்பு) வைத்திருக்கும் அளவு நல்ல வழிகாட்டி: ஒரு சீட்டுக்குக் குறைந்தது நாலு பிடிப்பு, 8 மி.மீ.க்குக் குறையாத போல்ட், அடியில் 3 மி.மீ. இரும்புத் தகடு, பிடிப்பு ஒவ்வொன்றிலும் 40 சதுர செ.மீ. பரப்பு. 75 மி.மீ. சதுரத் தகடு வெட்டினால் தாராளம். மூலைகளை உருட்டிவிடுங்கள், கூரான மூலை தரையைக் கத்திபோல் வெட்டும். நான் போடுவது 8.8 கிரேடு (உறுதி அளவு) போல்ட், எம்10, அதாவது 10 மி.மீ. மேலே நைலாக் நட்டு (தானாகத் தளராதபடி உள்ளே நைலான் வளையம் உள்ளது). செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

இதைவிட நல்ல வழி, பழைய பெஞ்சுத் துளைகளிலேயே பிடிக்கும் குறுக்குச் சட்டம் இரண்டைச் செய்து, அதன்மேல் சீட் ரயிலை வைப்பது. 3 மி.மீ. சுவருள்ள பாக்ஸ் பைப் போதும், நடுவில் தாங்கல் வேண்டும். போல்ட் போகும் இடத்தில் பைப்புக்குள் ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி வெல்டிங் வையுங்கள். இல்லாவிட்டால் முறுக்க முறுக்க பைப் நசுங்கும், நாலு நாளில் போல்ட் தளர்ந்துவிடும். வெல்டிங்கை வண்டிக்கு வெளியே வைத்து முடியுங்கள். பல பழைய பிக்கப்களில் பெட்ரோல் டேங்கே சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்தான் இருக்கிறது. 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே பிக்கப் ஓர் உதாரணம்.

புதுத் துளை தவிர்க்க முடியாதென்றால், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் பைப், பெட்ரோல் பைப், ஒயர், சேஸிஸ் சட்டம், ஏதாவது ஒன்று கட்டாயம் குறுக்கே இருக்கும். 3 மி.மீ. துளை போட்டு, கீழே எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுப் பெரிதாக்குங்கள். பிசிறு தேய்த்து, பிரைமர் அடித்து, அடிப்பக்கம் சீலன்ட் பூசாமல் போல்ட் போடாதீர்கள்.

சீட்டை ரயிலில் நகர்த்தும் ஸ்லைடர் சிக்கினால் பெரும்பாலும் சீட்டைத்தான் குறை சொல்கிறார்கள். உண்மையில் பழைய வண்டியின் தரை சமமாக இருப்பதில்லை. நாலு போல்ட்டையும் ஒரேயடியாக முறுக்கினால் ஒரு ரயில் முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கப் பூட்டு 'டக்'கென்று விழும், மறுபக்கம் பல் ஏறாமல் நிற்கும். பிரேக் போடும்போது சீட் கோணலாக நகர்வது இதனால்தான். ரயில்களின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, 2 மி.மீ.க்குள் ஒத்து வரச் செய்யுங்கள். போல்ட்களை விரலால் மட்டும் திருகிவிட்டு சீட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். இடைவெளி தெரியும் காலுக்கு மட்டும் தகட்டு ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய துண்டு) கொடுத்து, குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

சீட்டின் நடுவும் ஸ்டீயரிங்கின் நடுவும் ஒரே கோட்டில் வர வேண்டும். தரை கியர் உள்ள வண்டியில் எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். இரண்டாவதும் நாலாவதும் பின்னால் வரும்போது சீட்டின் பக்கத் திண்டில் முட்டும். பந்தயச் சீட் மிகத் தாழ்வு. பானெட்டுக்கு மேலே பாதை தெரியவில்லை என்று உயரமான ஸ்டாண்டு வைத்தால் நெம்புவிசை கூடும், குறுக்குத் தாங்கல் இல்லாமல் வைக்காதீர்கள்.

பெல்ட் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். பக்கத் திண்டு உயரமான சீட்டில் அது திண்டின்மேல் ஏறி, வயிற்றுக்குக் குறுக்கே தொங்குகிறது. பக்கிளை இடம் மாற்றினால் அதற்கும் தரையில் தனித் தகடு தேவை. வேறு காரிலிருந்து எடுத்த சீட்டில், பெல்ட் சீட்டின் முதுகிலேயே பொருத்தி வந்திருந்தால் அதை இந்தத் தரையில் போடவே கூடாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ளதென்றால் அதன் மஞ்சள் இணைப்பில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை மறுபடி இறுக்குங்கள். பெஞ்சுக்கு அடியில் கிடந்த ஜாக்கிக்கும் ஸ்பேனர்களுக்கும் வேறிடம் பார்த்துக் கட்டி வையுங்கள். சும்மா போட்டால் பிரேக் பெடலுக்கு அடியில்தான் உருண்டு வரும்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளுக்குச் சீட் பொருத்துபவர்