கீழ்க்காலத்தில் எண்ணு

பாப்பாவுக்கு,

டிஜே மார்க்கி பல பாட்டுகளை இடைவெளியில்லாமல் கலந்து போட்ட டிரம் அண்ட் பாஸ் தொகுப்பு ஃபேப்ரிக்லைவ் 55 பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை, எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறது, டிரம் மண்டைக்குள் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாய். காதில் கோளாறில்லை. நீ எண்ணுகிற காலம்தான் தப்பு.

டிரம் அண்ட் பாஸ் என்கிற இந்த வேகமான நடன இசை நிமிடத்துக்கு ஏறக்குறைய 174 தட்டு ஓடும். அதைத் துரத்தினால் மூச்சுதான் வாங்கும். பாதியாக்கி 87இல், கீழ்க்காலத்தில், தொடையில் தட்டிக்கொள். முதல் தட்டோடு கிக், அதாவது 'தும்' என்கிற கனத்த டிரம், விழும். 'டக்' என்று வெடிக்கிற ஸ்நேர் டிரம் தட்டில் விழாது, இரண்டு தட்டுக்கும் சரியாக நடுவில் விழும். இரண்டாவது தட்டில் மறுபடி கிக் வரும் என்று பார்ப்பாய், வராது. கொஞ்சம் தள்ளி, அடுத்த ஸ்நேருக்குப் பாதி வழியில் வரும். உடம்பை ஆட்டுவது அந்தத் தள்ளல்தான். குரலும் பியானோவும் பாஸ் என்கிற அடிக்குரல் ஒலியும் பெரும்பாலும் இந்த 87இல் நிதானமாக நடக்கும், டிரம் மட்டும் மேலே இரட்டை நடை போடும். டிரம் அண்ட் பாஸில் இப்படி நிதானமாக ஓடுகிற வகைக்கு லண்டன் டிஜே ஃபேபியோ 'லிக்விட் ஃபங்க்' என்று பேர் வைத்து, 2000இல் அதே பேரில் ஒரு தொகுப்பும் போட்டார். பொருத்தமான பேர்தான்.

போன் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் பாஸ் உனக்கு வந்தே சேர்ந்திருக்காது. பாஸின் ஆக அடியில் உள்ள சப்-பாஸ் 40 முதல் 60 ஹெர்ட்ஸில் கிடக்கும், அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது. லண்டன் ஃபேப்ரிக் கிளப்பின் பெரிய அறையில் தரைக்கு அடியிலேயே அதிர்வுக் கருவிகள் பதித்திருக்கிறார்கள், பாஸைக் காலாலும் கேட்பதற்கு! உனக்கு இயர்போன் போதும். ஆனால் ரப்பர் முனை காதை இறுக்கமாக அடைக்கணும். துளி இடைவெளி இருந்தாலும் முதலில் காணாமல் போவது பாஸ்தான். பாஸ் பூஸ்ட் போடாதே, கிக்கை அமுக்கிவிடும்.

செட்டிங்கில் பாட்டுகளை வரிசை மாற்றிப் போடும் ஷஃபிளை அணை. ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன்மேல் படரவிடும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வை. கலவையை டிஜே ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார், அதன்மேல் ஆப் இன்னொரு தடவை கலக்கினால் குழம்பும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி விடாத கேப்லெஸ் இருந்தால் போடு. எம்பி3 கோப்பில் ட்ராக் மாறும்போது கண்ணிமைக்கும் நேரம் மௌனம் விழுந்தாலே தாளம் நொண்டும்.

இனி கவனிக்க வேண்டியது ஒரு பாட்டோடு அடுத்ததை ஒட்டுப்போடும் இடம். டிஜே மார்க்கி சாவ் பாவ்லோக்காரர், வினைல் இசைத்தட்டில் கை தேர்ந்தவர். இந்த இசை 16 பார் கட்டுகளாக நகரும் (ஒரு பார் என்பது 174 கணக்கில் நான்கு தட்டு), ஒரு கட்டு சுமார் 22 நொடி. புதுப் பாட்டு பெரும்பாலும் கட்டின் தலையில், பாஸ் குறைத்து, வெறும் ஹை-ஹாட் ஜால்ராவும் ஸ்நேருமாக நுழையும். இரண்டு கட்டு கழித்துப் பழையதன் பாஸை இறக்கிப் புதியதன் பாஸை ஏற்றுவார்கள். இரண்டு பாஸும் சேர்ந்து ஓடினால் சேறுதான். வேகம் இம்மி பிசகினால் இரண்டு ஸ்நேரும் குதிரைக் குளம்பு மாதிரி 'டகடக' என்று பிரிந்து கேட்கும். இன்னொரு வம்பு சுருதி. வினைலில் வேகத்தை 3 சதவீதம் ஏற்றினால் சுருதி கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு இடைப்பட்ட தூரத்தில் கிட்டத்தட்ட பாதி ஏறும், அதன்மேல் பழைய பாட்டின் குரல் நீண்டால் பல் கூசும். அதனால்தான் குரல் ஓய்ந்து டிரம் மட்டும் ஓடுகிற பகுதியில் ஒட்டுகிறார்கள்.

முதல் தடவை சும்மா கேள். மறுதடவை பாஸ் கைமாறும் இடத்தில் விரலைத் தூக்கு. போன் திரையில் பாட்டின் பேர் மாறுவதையும் உன் விரலையும் ஒப்பிட்டுப் பார், பல இடத்தில் இரண்டும் ஒத்துப்போகாது. எந்த ட்ராக்கில் அதிக தூரம் தள்ளிப் போகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அப்பா