தாத்தாவின் துப்பாக்கிக்குப் புது மெருகு வேண்டாம்

காட்பாடி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி உன் பெயருக்கு மாறுவதற்கு முன்னால் அதைத் தேய்த்துக் கருநீல மெருகு ஏற்றி, கட்டைக்கு வார்னிஷ் அடித்துப் புதிதாக்கிவிடலாம் என்றும், அதற்கான செலவு உன்னுடையது என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்தேன். உன் ஆசையின் பின்னால் இருப்பது தாத்தாவின் மேல் உள்ள அன்புதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உடனே மறுத்து எழுதாமல், பத்து நாள் யோசித்து, இரண்டு முறை துப்பாக்கியை வெளியே எடுத்துப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். குழல்களில் பழைய மெருகு பாதிக்கு மேல் இல்லை. தாத்தா ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் இடத்தில் இரும்பு வெளுத்துச் சாம்பல் நிறமாக இருக்கிறது. நுனிப் பக்கம் பழுப்பேறியிருக்கிறது. கட்டையின் வலப்பக்கத்தில் மட்டும், கன்னம் படும் இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து வழவழப்பாக இருக்கிறது. வலக்கைக்காரர் சுட்டால் கன்னம் கட்டையின் இடப்பக்கத்தில் படும். தாத்தா இடக்கைக்காரர் என்பதை உன் பிள்ளைகள் யார் சொல்லியும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அந்த மரமே சொல்லும். குடியாத்தம் பக்கத்துக் கொல்லையில் நிலக்கடலை முற்றும் நாட்களில், காட்டுப்பன்றிகளை விரட்ட இரவெல்லாம் பரண்மேல் இருந்துவிட்டு, காலையில் பனியில் நனைந்த துப்பாக்கியைத் திண்ணையில் உட்கார்ந்து அவர் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நீ வார்னிஷ் அடிக்கச் சொல்லும் மரம் அதுதான்.

பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுவதில்லையா, அதைப் போலத்தானே இதுவும் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. ஆனால் ஈயம் பூசுகிறவர் அண்டாவின் மேல் ஒன்றைச் சேர்க்கிறார். மெருகு ஏற்றுகிறவர் துப்பாக்கியிலிருந்து ஒன்றை எடுக்கிறார். கருநீல மெருகு என்பது பெயிண்டைப் போன்ற பூச்சு அல்ல. இரும்பின் மேற்பரப்பே கறுப்பு ஆக்சைடாக மாறுவதுதான் அது. புதிதாக அதை ஏற்ற வேண்டுமானால் பழைய ஆக்சைடையும் துருப்பள்ளங்களையும் தேய்த்து நீக்கி வெறும் இரும்புக்குக் கொண்டுவர வேண்டும். பள்ளம் மறைய வேண்டுமானால் மிக ஆழமான பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள நல்ல இரும்பையும் எடுத்தாக வேண்டும். துப்பாக்கிக் குழலின் சுவர் அப்படியொன்றும் தடித்ததல்ல. வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த மெல்லிய சுவர்தான்.

முப்பத்தெட்டு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்று பெரும்பாலான இடங்களில் வேகமாகச் செய்வது, ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் காஸ்டிக் சோடா, நைட்ரேட் உப்புக் கரைசலில் முக்கி எடுப்பது. ஒற்றைக் குழலுக்கு அது சரி. நம்முடையதில் இரண்டு குழல்களையும் அவற்றின் நடுவே ஓடும் பட்டையையும் ஈயப்பற்று வைத்துத்தான் இணைத்திருக்கிறார்கள். வெள்ளீயமும் காரீயமும் அமிலத்தோடு மட்டுமல்ல, காரத்தோடும் வினைபுரியும். கரைசல் பட்டைக்கு அடியில் புகுந்துவிட்டால் பற்றை மெல்ல அரிக்கும், உள்ளே தங்கிய உப்பு பிறகு துருவைக் கிளப்பும். உன் பெரிய மாமாவின் துப்பாக்கிக்கு இதுதான் நடந்தது. கடையிலிருந்து வந்த அன்று கண்ணாடி போலப் பளபளத்தது. வீடே கூடி நின்று பார்த்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் பட்டை விட்டுப்போய், விரலால் தட்டினால் கலகலத்தது. செதுக்கியிருந்த இலைக்கொடி வேலைப்பாட்டின் விளிம்புகள் சக்கரத்தில் தேய்ந்து, சோப்பில் வரைந்த கோலம் போல மழுங்கிவிட்டிருந்தன. மாமா அதற்குப் பிறகு அதைக் கையில் எடுத்ததே இல்லை.

பழைய முறை ஒன்று உண்டு. அமிலக் கரைசலை மெல்லத் தடவி, ஈரமான அறையில் துருப்பிடிக்க விட்டு, சுத்தமான தண்ணீரில் கொதிக்கவைத்தால் சிவப்புத் துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். அதை மென்கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பல நாட்கள் செய்வார்கள். இரட்டைக் குழலுக்கு ஏற்றது அதுதான். ஏற்கெனவே யாரோ கெடுத்துவைத்த துப்பாக்கியாக இருந்தால் நானே அதைச் செய்யச் சொல்லியிருப்பேன். நம்முடையதை இதுவரை யாரும் தொடவில்லை. பழம்பொருள் சேர்ப்பவர்கள் விலை கொடுப்பதும் தொடாத தோலுக்குத்தான். அது ஒரு முறை போனால் எவ்வளவு செலவழித்தாலும் திரும்பி வராது.

இன்னொன்று, சட்டம். பைக் உதிரிகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடு. ஆயுத உரிமம் பெற்ற கடையைத் தவிர வேறெங்கும் துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொடுக்கக் கூடாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. நம் உரிமப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இன்னமும் வட ஆர்க்காடு மாவட்ட முத்திரைதான் இருக்கிறது. அதில் எழுதிய எண் குழலில் தெளிவாகத் தெரிகிற வரைதான் அந்தப் பக்கத்துக்கு மதிப்பு. குழலின் அடியில், மகுடத்தின் கீழ் 'என்பி' என்ற எழுத்துகளோடு இங்கிலாந்தின் பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைச்சாலையின் முத்திரையும் இருக்கிறது. 1904-க்குப் பின் வந்த, புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த அடையாளம் அது. உப்புத்தாள் நாலு இழுப்பு இழுத்தால் மங்கிப்போகிற ஆழம்தான்.

துருவை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. குழலின் பின்பக்கம் செம்பொடியாக உதிரும் இடங்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றை நிறுத்தியாக வேண்டும். அதற்குக் காரணமும் நான்தான். ஆம்பூரிலிருந்து ஆசையாக வாங்கிய தோல் உறைக்குள் வைத்து ஆறு வருடம் பூட்டிவிட்டேன். தோல் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும் என்று வகுப்பில் சொன்னவள் வீட்டில் மறந்துவிட்டேன். இப்போது பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மெல்லிய எண்ணெயை இரண்டு நாள் ஊறவிட்டு, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் அழுத்தாமல் வருடினால் செந்துரு மட்டும் வரும், அடியில் உள்ள பழுப்பு நிற்கும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு, உள்ளங்கையால் தேய்த்தால் போதும். வைக்கும்போது குழல்வாய் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் வழிந்து கட்டையின் கழுத்தில் இறங்கி மரத்தை ஊறவைத்துவிடும். வரவேற்பறைச் சுவரில் மாட்டுவது கூடாது. இரும்பு அலமாரியில் பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

எனக்கு இந்த மாசியில் எழுபது முடிகிறது. 2016-ஆம் வருட விதிகளின்படி எழுபது ஆனவர் தம் வாரிசுக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கான தாள்களை எடுத்துவைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது உன் ஆதார் நகலும், புகைப்படம் நான்கும், வெள்ளைப் பருத்திக் கையுறை இரண்டு ஜோடியும் கொண்டுவா. கை வியர்வையில் உப்பு இருக்கிறது. போகிக்கு முந்திய நாள் திண்ணையில் உட்கார்ந்து நாம் இருவரும் சேர்ந்து எண்ணெய் போடுவோம்.

அன்புடன்,
அம்மா