அடிக்கட்டையை ஒட்டுவதற்கு முன்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதமும் படங்களும் வந்தன. இத்தனை நாள் பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லாரும் நலம். சித்ராவுக்கு வேலை மாற்றம் கிடைத்ததைக் கேட்டு எல்லாருக்கும் மகிழ்ச்சி, சொல்லிவிடு. மற்றதைப் பிறகு பேசலாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பலகையை ஒட்டப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன். ஒட்டாதே.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகின் அடியில் முனைக்கு முனை ஓடும் அடிக்கட்டை அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது. ஒரு வளைவைக் கண்டால் அதை நேராக்காமல் உனக்குத் தூக்கம் வராது, வாசன் வீட்டு அலமாரியை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஆனால் நீ கட்டுவது ஹென்றி கிரேட்ஹெட் 1790ல் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் கட்டிய 'ஒரிஜினல்' என்ற உயிர்காப்புப் படகின் சிறிய மாதிரி. அந்தப் படகில் அவர் பங்கு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது அடிக்கட்டையின் வளைவு. அதை நேராக்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டு பக்கமும் கூரான ஏதோ ஒரு துடுப்புப் படகு.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாக யோசித்துப் பார். 1789ல் டைன் ஆற்று முகத்துவாரத்தில் 'அட்வென்ச்சர்' கப்பல் தரைதட்டி உடைகிறது. கரையில் நிற்கும் கூட்டத்தின் கண்ணெதிரே மாலுமிகள் ஒவ்வொருவராகக் கடலில் விழுகிறார்கள். போய்க் காப்பாற்ற ஒரு படகும் துணியவில்லை. அதற்குப் பிறகு ஊர்ப் பெரியவர்களின் குழு ஒன்று, நல்ல மாதிரிப் படகுக்கு இரண்டு கினி (அந்தக்கால ஆங்கிலத் தங்க நாணயம்) பரிசு அறிவிக்கிறது. வில்லியம் வுட்ஹேவ் தகரத்தில் ஒரு மாதிரி செய்து கொண்டுவருகிறார். கவிழ்த்தாலும் தானாக நிமிரும் படகு அது. குழு அவருக்கு ஒரு கினிதான் தர முன்வருகிறது. பிறகு குழுவைச் சேர்ந்த ஃபேர்ல்ஸும் ராக்வுட்டும் களிமண்ணில் ஒரு மாதிரி செய்கிறார்கள். அதை வைத்துக் கட்டும் வேலை கிரேட்ஹெட்டிடம் போகிறது. அடிக்கட்டையை வளைக்கலாம் என்று சொன்னவர் அவர். 1802ல் நாடாளுமன்றம் அவருக்கு 1200 பவுண்டு கொடுத்தது. யார் கண்டுபிடித்தார் என்ற சண்டை ஓயாமல் போய், கடைசியில் 1890ல் சவுத் ஷீல்ட்ஸிலேயே வுட்ஹேவ், கிரேட்ஹெட் இருவருக்கும் சேர்த்து ஒரே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். இந்த வழக்கின் நடுவில் கிடப்பது அந்த ஒரு வளைவு. அதையா நீ நிமிர்த்துவது?

வளைவு அழகுக்காக வைத்ததல்ல. நடுப்பகுதி மட்டும் ஆழமாக அமிழ்ந்து முனைகள் மேலே நிற்பதால், ஒரு துடுப்பை இழுத்தாலே படகு நடுவை மையமாக வைத்துச் சட்டென்று திரும்பும். அலை வரும்போது முனை அதற்குள் புகாமல் மேலே ஏறும். அதற்கு விலையும் உண்டு, இப்படிப்பட்ட படகு நேர்க்கோட்டில் போகச் சண்டித்தனம் செய்யும். அதனால்தான் நீளமான திசைத் துடுப்பு. நீ வாங்கிவைத்திருக்கும் அந்தப் பித்தளைச் சுக்கானைத் திருப்பிக் கொடுத்துவிடு, இந்தப் படகில் சுக்கான் கிடையாது. இரண்டு முனையும் ஒன்றே. உடையும் அலைக்கு நடுவே படகைத் திருப்பினால் பக்கவாட்டில் அடி வாங்கும். படகைத் திருப்பாமல் துடுப்புப் போடுகிறவர்கள் எதிர்த்திசையில் இழுப்பார்கள், முன்பக்கமே பின்பக்கமாகிவிடும்.

அடிக்கட்டையை மறுபடி செய்வது பெரிய வேலை இல்லை. அன்று அச்சான வர்ணனை அதை 3 அங்குலத் தடிப்புள்ள பலகை என்கிறது. நடுவில் அகலம், முனைகளை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அதாவது தட்டையாகப் படுத்திருக்கும் பலகை. நீ செய்திருப்பதுபோல் செங்குத்தாக நிற்கும் சட்டம் அல்ல. உன் 1:16 அளவில் தடிப்பு 4.8 மி.மீ. இதை ஒரே கட்டையிலிருந்து வளைவாக அறுத்தெடுக்காதே. முனைப் பக்கத்தில் மரநார் குறுக்கே ஓடும், கை பட்டால் உடையும். 1.6 மி.மீ. பட்டைகள் மூன்றை ஒரு வளைவு அச்சின் மேல் மரப்பசை தடவிக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடு. கழற்றியதும் கொஞ்சம் நிமிரும். மூன்று அடுக்கென்றால் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு, நான்கு அடுக்கென்றால் பதினாறில் ஒரு பங்கு. முனைகளைவிட நடு 20 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டுமென்றால் மூன்றடுக்குக்கு அச்சில் 22.5 மி.மீ. வைத்துவிடு. உனக்கு வேண்டிய தாழ்வை அந்த வர்ணனையோடு வரும் பக்கவாட்டுப் படத்திலிருந்து அளந்துகொள். அடிக்கட்டையின் இரு முனையிலிருந்தும் மேலேறும் முனைக்கட்டைகள் வட்டத்தின் துண்டுகள், நன்றாகச் சாய்ந்தவை. அவற்றையும் அடுக்கித்தான் வளைக்க வேண்டும். அடிக்கட்டையோடு சேரும் இடத்தில் சாய்வு மூட்டு 38 மி.மீ. நீளமாவது இருக்கட்டும். நீ போட்டிருக்கும் நேர் வெட்டு மூட்டு முதல் பலகையை இழுத்துக் கட்டும்போதே விட்டுவிடும்.

இப்போது பலகைகளை மேலே வளைத்து ஒட்டுவதற்கான அச்சுச் சட்டங்கள். நேரான அடிக்கட்டைக்கு வெட்டியதால் உன்னுடையவை எல்லாவற்றிலும் கட்டை உட்காரும் காடி ஒரே உயரத்தில் இருக்கிறது. இவற்றின் மேல் வளைந்த கட்டையை வைத்து அமுக்கினால் அது நடுவில் மட்டும் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும், அல்லது பசை காய்வதற்குள் சட்டங்கள் சாயும். புதிதாக வெட்டு. முழு அளவுகளைச் சொல்கிறேன், பக்கத்தில் குறித்துக்கொள். நீளம் 30 அடி, உனக்கு 571 மி.மீ. அகலம் 10 அடி, 190 மி.மீ. நடுவில் மேல்விளிம்பிலிருந்து அடிக்கட்டையின் அடிவரை 3 அடி 3 அங்குலம், 62 மி.மீ. அடிக்கட்டையின் அந்த அடியை ஒட்டிப் போகும் கிடைக்கோட்டிலிருந்து முனைக்கட்டையின் உச்சிவரை 5 அடி 9 அங்குலம், 109.5 மி.மீ. நீ கவிழ்த்து வைத்துக் கட்டுவதால், கட்டும் மேடையை அந்தக் கிடைக்கோட்டிலிருந்து 120 மி.மீ. தள்ளி வைத்துக்கொள். நடுச் சட்டத்தில் மேல்விளிம்பு மேடைக்கு 58 மி.மீ. மேலே நிற்கும், முனைக்கட்டையின் உச்சி மேடையைத் தொடாமல் 10.5 மி.மீ. இடைவெளி விடும். பன்னிரண்டு பாகமாகப் பிரித்தால் சட்டங்களுக்கு நடுவே 47.6 மி.மீ. வரும், முனைகளில் மட்டும் இடையிடையே ஒரு பாதிச் சட்டம் சேர். இந்தப் படகின் அகலம் முனைகளுக்குப் பக்கத்தில்வரை நீண்டு போய்த் திடீரென்று குறுகும். அந்தத் திருப்பத்தில் சட்டம் இல்லாவிட்டால் பலகை தன்னிஷ்டத்துக்கு ஒரு வளைவு எடுத்துக்கொள்ளும்.

பலகை போடுவதைப் பற்றி நீ எழுதிய ஒரு வரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது: "இடைவெளி வந்தால் புட்டி போட்டுத் தேய்த்துவிடலாம்." மூர்த்தி, புட்டியைக் கண்ணில் காட்டாதே. மேல் பலகை கீழ்ப் பலகையின் விளிம்பை ஏறி மூடுகிற கிளிங்கர் கட்டு இது. அந்த ஏற்றங்கள் விடும் நிழல்கோடுகளை வைத்துத்தான் பார்க்கிறவர் படகின் வடிவத்தையே படிக்கிறார். தேய்த்துவிட்டால் அது போயிற்று. வரிசை எத்தனை என்பதை உன் வசதிக்கு முடிவு செய்யாதே. ஒரிஜினல் 1830ல் பாறையில் மோதி உடைந்துபோனது. ஆனால் அதே கிரேட்ஹெட் 1802ல் கட்டிய 'ஜெட்லாண்ட்' ரெட்காரில் அதற்கென்றே உள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது, உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய உயிர்காப்புப் படகு அதுதான். அதன் படங்களைப் பார்த்து எண்ணிக்கொள்.

1.2 மி.மீ. தடிப்பில் பேரி மரமோ லைம் மரமோ எடு. நேரான பட்டையை விளிம்புவாக்கில் வளைத்து ஒட்டப் பார்க்காதே, அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் அட்டையைச் சட்டங்கள்மேல் முறுக்கில்லாமல் படியவைத்துக் கவராயத்தால் விளிம்பைப் படியெடுத்து, அந்த வடிவத்தில் பலகையை வெட்டு. வாழைப்பழம்போல் வளைந்த துண்டு கிடைத்தால் சரியாகச் செய்கிறாய் என்று அர்த்தம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் வெட்டு, இடமும் வலமும் ஒன்றுபோல் வரும். வெந்நீரில் ஊறவைத்துச் சட்டத்தில் கட்டி, முழுக்கக் காயவிட்டு, அதன் பிறகுதான் பசை. ஈரத்தோடு ஒட்டினால் ஊறிய மரம் அகலத்தில் சுருங்கும்போது ஏற்றம் வாய் திறக்கும். நீ புட்டி தேடுவதற்கே இந்த அவசரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஏற்றம் 2.4 மி.மீ. வை. முனைகளில் கடைசி 20 மி.மீ. நீளத்துக்கு இரண்டு பலகையையும் சாய்வாகச் சீவிக்கொண்டே வந்து, முனைக்கட்டையைத் தொடும்போது சமமாக்கிவிட வேண்டும். இதைச் செய்யாத மாதிரிகளில் முனை படிக்கட்டாகத் தெரியும். சட்டங்களின் விளிம்புக்கு மெழுகு தடவ மறக்காதே, பசை அவற்றில் பிடித்துக்கொண்டால் கழற்றும்போது பலகை பிளக்கும். மேடையிலிருந்து எடுக்கும் முன் விளிம்புக்கு விளிம்பு குறுக்குக் குச்சிகள் கட்டிவிடு. இவ்வளவு மெல்லிய கூடு விலாக்கள் ஏறும்வரை விரியத்தான் பார்க்கும்.

ஆணிகள் செம்பு. 0.5 மி.மீ. செம்புக் கம்பியைத் துளையில் செருகி நறுக்கினால் போதும். ஆயிரத்தைத் தாண்டும் என்று பயப்படாதே, மேல் வரிசைகளை மிதப்புக்கான தக்கை மூடிவிடும், அங்கே ஆணி வேண்டாம்.

தக்கை பற்றிக் கேட்டிருந்தாய். வெளிப்பக்கம் மேல்விளிம்புக் கட்டைக்குக் கீழே 21 அடி 6 அங்குல நீளம், 16 அங்குல ஆழம், 4 அங்குலத் தடிப்பு. உனக்கு 410, 25.4, 6.35 மி.மீ. மேல்பக்கம் விளிம்பைவிடச் சற்று வெளியே துருத்த வேண்டும், அதை அசிங்கம் என்று சீவிவிடாதே. அசலிலும் அடுக்கடுக்காகத்தான் வைத்தார்கள், அதனால் நுண்ணிய துகள் கொண்ட 2 மி.மீ. தாள் மூன்றை அடுக்கு. பெரிய துகள் தக்கை இந்த அளவில் கூழாங்கல் சுவர்போல் காட்டும். கிளிங்கர் ஏற்றத்தின் மேல் அப்படியே ஒட்டினால் பின்னால் பொந்து விழும், முதலில் மெல்லிய ஆப்புப் பட்டைகளால் படிகளை நிரப்பு. சூப்பர் குளூ வேண்டாம், தக்கை அதை உறிஞ்சிக் கறுத்துவிடும். மேலே மெல்லிய செம்புத் தகட்டுப் பட்டைகளால் பிணைப்பு. உள்பக்கமும் இருக்கைப் பலகைக்குக் கீழிருந்து தளம்வரை தக்கை உண்டு. மொத்தம் ஏறக்குறைய 7 ஹண்ட்ரட்வெயிட், அதாவது 355 கிலோ. தளம் மேல்விளிம்பிலிருந்து 44 மி.மீ. கீழே. நடுவில் கிடைமட்டம், இரு முனையிலும் உயர்த்தியது, திசைத் துடுப்புக்காரர் நிற்க.

இருக்கைப் பலகை ஐந்து, இருவர் இருவராகப் பத்துத் துடுப்பு. நடுவில் முட்டுக்கால் கொடு. உன் பெட்டியில் இருக்கும் கவட்டை வடிவ உலோகத் துடுப்புத் தாங்கிகள் இதற்கு ஆகாது. இரும்பு முளையும் கயிற்று வளையமும்தான், எந்தப் பக்கமும் இழுப்பதற்காக. திசைத் துடுப்பு முனைக்கு ஒன்று, மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிக நீளம். எல்லாம் ஃபர் மரம். ஆஷ் மரத் துடுப்பை லேசாகச் சீவினால் அலையில் வளைகிறது, கனமாகச் செய்தால் ஆளைக் களைக்கவைக்கிறது என்று கிரேட்ஹெட்டே காரணம் சொல்லியிருக்கிறார். ஆகவே நீ செதுக்கியிருக்கும் நேர்த்தியான ஒல்லித் துடுப்புகளை வேறு படகுக்கு வைத்துக்கொள். வெளியே வெள்ளை வண்ணம், அலையின் பள்ளத்திலிருந்து எழும்போது அதுதான் கண்ணில் முதலில் படும் என்பதால். புதிய படகின் அடிப்பகுதியை மட்டும் வாங்குகிறவர் மரத்தைச் சோதித்துப் பார்க்க வார்னிஷோடு விடுவார்கள். உன் செம்பு ஆணிகள் வெளியே தெரிய இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பெயர்ப்பலகையில் 'தானாக நிமிரும் படகு' என்று போடுவதாக எழுதியிருந்தாய். அதைப் போடவே கூடாது. நிமிரும் யோசனை வுட்ஹேவுடையது, கிரேட்ஹெட் படகு நிமிராது. 1849 டிசம்பரில் அதே சவுத் ஷீல்ட்ஸில் 'ப்ராவிடன்ஸ்' என்ற உயிர்காப்புப் படகு கவிழ்ந்து, ஏறியிருந்த 24 பேரில் 20 பேர் இறந்தார்கள். காப்பாற்றப் போனவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு நார்தம்பர்லாண்ட் பிரபு 100 கினி பரிசு வைக்க, ஜேம்ஸ் பீச்சிங் நிமிரும் படகோடு வென்றார். இறந்த இருபது பேருக்காகவாவது அந்த வரியை எடுத்துவிடு. கிரேட்ஹெட் பெயரோடு வுட்ஹேவ் பெயரையும் போடு.

அடிக்கட்டை அச்சிலிருந்து வந்ததும் பக்கவாட்டில் நேராக நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதன் பிறகு பலகையைத் தொடு. பேரி மரப் பட்டைகள் என்னிடம் 1.2 மி.மீ.யில் கொஞ்சம் இருக்கின்றன, அடுத்த வாரம் வாசன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
கணேசன்