கால்கரியிலிருந்து அப்பாவுக்கு

அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்தானுங்க. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் கடைமடை வரைக்கும் வருகிறதா? இங்கே ராத்திரியில் மைனஸ் 8 வந்துவிட்டது.

"அந்தப் பழைய டப்பாவை வாங்கி இத்தனை நாளா என்னடா பண்றே" என்று போன வாரம் கேட்டீர்கள். போனில் சொன்னால் விளங்காது, அதான் எழுதுகிறேன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வீடு அது, டிரெய்லர் என்பார்கள். 16 அடி நீளம், 1978-இல் செய்தது. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், நடுவில் ஒன்றரை அங்குல மரச்சட்டம். சுவரே அவ்வளவுதான். நம் வீட்டு மண்சுவர் ஒன்றரை அடி!

பிளைவுட்டைப் பெயர்த்தால் உள்ளே கண்ணாடி இழைப் பஞ்சு. பாதியில் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. மீதி மழைத் தண்ணீர் குடித்து அடியில் சரிந்து கிடந்தது. பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுப்பது. நனைந்து அமுங்கினால் ஒன்றுக்கும் ஆகாது. கையுறை போட்டு அள்ளியும் சோளத்தட்டுச் சுணை மாதிரி இரண்டு நாள் அரிப்பு. ஜன்னல் மூலையில் சட்டம் விரல் பட்டதும் உதிர்ந்தது. அதை மாற்றி, ஜன்னலைக் கழற்றி பியூட்டைல் டேப் (பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் பட்டை) ஒட்டி ஒழுகலை நிறுத்தவே மூன்று வாரம் ஆயிற்று.

அப்புறம் பஞ்சுக்குப் பதிலாக நுரைப்பலகை வெட்டிப் பதித்தேன். சந்துகளில் ஸ்பிரே டப்பாவிலிருந்து நுரை பீய்ச்ச வேண்டும். அதில்தான் அவசரப்பட்டேன். நிறையப் பீய்ச்சிவிட்டேன் போல, ராத்திரியெல்லாம் உப்பி, காலையில் பிளைவுட் தொந்தி தள்ளி நின்றது. பிரித்து அறுத்து மறுபடியும் அடித்தேன்.

சனிக்கிழமை, கரண்ட் குக்கரில் சோறாக்கிச் சாப்பிட்டு, ஹீட்டர் போட்டு உள்ளேயே படுத்துப் பார்த்தேன். விடிந்ததும் நுரை வைத்த சுவர் காய்ந்தே இருந்தது. வேலை முடியாத அலமாரிக்குள் வெறும் தகட்டில் தண்ணீர் கோத்து, போர்வையில் சொட்டிக்கொண்டிருந்தது. மழையே இல்லை. மார்கழி விடியலில் நம் கட்டுத்தறித் தகரத்திலிருந்து எருமை முதுகில் சொட்டுமே, அதேதான். என் மூச்சும் சோற்று ஆவியும்.

கூரையில் 14 அங்குலச் சதுரத்துக்கு ஒரு காற்றுவழி இருந்தது. மூடி உடைந்திருக்கிறதே என்று பலகை வைத்து அடைத்துவிட்டேன். இப்போது அதைப் பிரித்து ஃபேன் வைக்க வேண்டும். அம்மாவிடம் சொல்லாதீங்க, "அடைச்ச ஓட்டையத் தொறக்கறதுக்கா கனடா போனே" என்பார்.

பழைய சாளையில் அடுப்புக்கு நேர் மேலே புகை போக முகட்டில் சந்து விட்டிருந்தீர்களே, சாரல் உள்ளே அடிக்காமல் அதை எப்படி மறைத்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல்லுங்க.

உங்கள் மகன்