மொசாம்பிக் மக்களுக்கு இந்தியா கைகொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மொசாம்பிக்கின் வடகோடியில் உள்ள காபோ டெல்காடோ மாகாணம் பற்றி நம் நாளிதழ்களில் அபூர்வமாகத்தான் செய்தி வருகிறது. 2017 அக்டோபரில் அங்கே ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அதன்பின் 10 லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு ஓடியிருக்கிறார்கள். 2020இல் ஆயிரக்கணக்கானோர் சிறு படகுகளில் தப்பி, பெம்பா நகரின் பாகிட்டெகெட் கடற்கரையில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முதலில் இடம் கொடுத்தவர்கள் அந்த ஊர் ஏழைகளே. சின்ன வீடுகளில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து படுத்தன.

2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டது. பக்கத்தில் நடந்துவந்த பெரிய எரிவாயு திட்டம் நின்றது. அடுத்த சில மாதங்களில் ருவாண்டாவும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளும் படை அனுப்பின. சரி, அது தேவைதான். ஆனால் ஊர் திரும்புகிறவருக்கு விதை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், தொலைந்துபோன பிறப்புச் சான்றிதழ் வேண்டும். படையால் இதையெல்லாம் கொடுக்க முடியாது.

அந்த எரிவாயு திட்டத்தில் நம் பொதுத்துறை நிறுவனங்களுக்கு மொத்தம் 30 சதவீதப் பங்கு இருக்கிறது. 2021 டிசம்பரில் ஐஎன்எஸ் கேசரி கப்பலில் 500 டன் உணவுப் பொருள் அனுப்பினோம். நல்ல காரியம்! அதோடு நிறுத்திவிடாமல், இடம்பெயர்ந்தோருக்கென்றே ஆண்டுதோறும் ஒரு தொகையை மத்திய அரசு ஒதுக்க வேண்டும்.

– வாசகர், திருச்சி