பிள்ளைகளுக்கு ‘மாயா பஜார்’ காட்டுங்கள்

அரசுப் பள்ளிகளில் திரையிடுவதற்குச் சிறார் படங்களைத் தேர்வு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். 1957-இல் கே. வி. ரெட்டி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் வந்த ‘மாயா பஜார்’ படத்தை உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். பழைய படம், கறுப்பு வெள்ளை, ஏறத்தாழ மூன்று மணி நேரம், பிள்ளைகள் உட்கார மாட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அரையாண்டுத் தேர்வு முடிந்த அந்தப் பிற்பகல் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று விருந்துக் காட்சியை மட்டும் போட்டேன். எஸ். வி. ரங்காராவின் கடோத்கசன் தனியாக உட்கார்ந்து, திருமண வீட்டுப் பலகாரங்களை ஒரு கை பார்க்கும் ‘கல்யாண சமையல் சாதம்’ பாட்டு. முதலில் சலசலப்பு. லட்டு தானாகக் கிளம்பி அவர் வாய்க்குள் போனதும், பின்னால் சுவரில் சாய்ந்திருந்த பையன் முழங்காலிட்டு எழுந்தான். “இன்னொரு தடவை டீச்சர்” என்று மூன்று முறை போடவைத்தார்கள். மூன்றாம் முறை ஒரு சிறுமி சொன்னாள்: “லட்டு வருகிற வழியெல்லாம் அவர் கண்ணும் கூடவே வருகிறது.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கணினி இல்லாத காலத்துத் தந்திரக் காட்சிகளின் அடிப்படை எளிமையானது. கேமராவை நிறுத்துவது, பொருளை நகர்த்துவது அல்லது எடுத்துவிடுவது, மறுபடி ஓட்டுவது. கண்ணுக்குத் தெரியாத நூலால் இழுப்பது. படத்தைப் பின்னோக்கி ஓட்டுவது. ஆனால் நடிகரின் கண் அந்த லட்டை நம்பாவிட்டால் பார்க்கிற பிள்ளையும் நம்பாது. எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத இந்தச் செய்தியைப் பதினொரு வயதுப் பெண் தானாகக் கண்டுபிடித்தாள்.

மறுநாளே என் கைபேசியில் முயன்று பார்த்தோம். மேசைமேல் சாக்பீஸ் துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் விரற்கடை தூரம் நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்று சொன்னபோது பிள்ளைகள் மலைத்துப்போனார்கள்.

தந்திரக் காட்சிக்காக மட்டும் நான் இந்தப் படத்தைக் கேட்கவில்லை. வியாசர் பாரதத்தில் இல்லாத, மக்கள் வழக்கில் வளர்ந்த கதை இது. பாண்டவர்களில் ஒருவர்கூடத் திரையில் வருவதில்லை. இருப்பது ஒரு குடும்பச் சண்டை. தங்கை சுபத்திரையின் மகன் அபிமன்யுவுக்குத் தன் மகள் வத்சலாவைத் தருவதாகப் பலராமர் வாக்குக் கொடுத்திருக்கிறார். சூதில் பாண்டவர்கள் எல்லாம் இழந்ததும் அந்த வாக்கு மறந்துபோகிறது. வசதியான துரியோதனன் வீட்டுச் சம்பந்தம் இனிக்கிறது. நொடித்துப்போன உறவை வாசலிலேயே நிறுத்துகிற வீடுகளை என் மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் படம் வயதாகாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

வத்சலாவாக நடித்த சாவித்திரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அபிமன்யுவுக்கு உதவ வந்த கடோத்கசன் வத்சலாவின் உருவெடுத்துக் கௌரவர்கள் நடத்தும் திருமணத்துக்குப் போகிறான். நாணி நிற்கும் மணப்பெண்ணின் தோள் திடீரென விரிகிறது, நடை அரக்கன் நடையாகிறது. யாராவது பார்த்தால் உடனே பெண்ணாகக் குழைகிறது. அந்த மாற்றத்தில் கேமரா வித்தை இல்லை. ரங்காராவின் அசைவுகளைச் சாவித்திரி அப்படியே வாங்கித் தன் உடம்பில் வைத்திருக்கிறார். நடிப்பு என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவதும் முக்கியமானதும், நல்ல பிரதி. ‘ஆஹா இன்ப நிலாவினிலே’ படகுப் பாட்டில் தெரியும் நிலவொளி, ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி விளக்கும் கேமராவும் கொண்டு உண்டாக்கியது. துவாரகை நகரத்தை 50-க்கு 60 அடி இடத்தில், சுமார் 300 குட்டி வீடுகளாகக் கையால் செய்து, விளக்கேற்றிப் படமெடுத்தார்கள். தேய்ந்துபோன பிரதியில் இருட்டும் வெளிச்சமும் சாம்பலாகக் கலந்துவிடும். நிலவு இருக்காது, நகரமும் இருக்காது. பழைய படம் என்றாலே மங்கல் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். உரிமை வைத்திருப்பவர்களிடம் பேசித் தெளிவான பிரதி பெற உங்களால் முடியும், தனி ஆசிரியரால் முடியாது.

இரண்டாவது, கறுப்பு வெள்ளையிலேயே காட்டுங்கள். தெலுங்குப் படத்துக்கு வண்ணம் பூசி 2010-இல் வெளியிட்டார்கள். அந்த உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பார்ட்லி ஒளியமைத்தது கறுப்புக்கும் வெள்ளைக்கும்தான்.

மூன்றாவது, வெட்டாமல் காட்டுங்கள். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் நாள் மாலை வீட்டுக்குப் போகும் பிள்ளைகள், நாளை என்ன நடக்கும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போகட்டும்.

சாக்பீஸ் ஊர்ந்து போகும் எங்கள் படம் ஒன்பது நொடிதான் ஓடுகிறது. கடைசித் துண்டு ஒரு பையனின் வாய்க்குள் போகிறது; அவன் கண்ணும் அதோடு கூடவே வருகிறது. நீங்கள் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை